சமயம் உண்டு

பிச்சுமணி ஆரம்பித்த எந்த வாக்கியத்தையும் கொச்சியின் கொச்சங்காடியில் அவனே முடித்ததில்லை. முதல் எழுத்தில் அவன் முட்டிக்கொண்டு நிற்கும்போதே எதிரில் இருப்பவர் மீதியைச் சொல்லிவிடுவார். உபகாரம் என்று நினைத்துத்தான். கமலாக்ஷி சேச்சியின் சாயாக்கடையில் அவன் கேட்க வாயெடுப்பது கட்டன், பால் கலக்காத வெறும் டீ. சேச்சி அவன் முகத்தைப் பார்த்ததுமே, "பால் சாயாதானே, எனக்கறியாம்" என்று கிளாஸை நீட்டிவிடும். தனக்குத் தெரியும் என்கிற சந்தோஷம் அந்த முகத்தில் அப்படிப் பொங்கும். பிச்சுமணியும் வாங்கிக் குடித்துவிடுவான். வருஷக்கணக்காக அவன் வயிற்றில் இறங்கியதெல்லாம் அவன் கேட்காத பால்தான். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் பொறுமை இழந்து தானே ஒரு ஸ்டாப்பைச் சொல்லி டிக்கெட்டைக் கிழிப்பார். இவன் அங்கே இறங்கி மீதியை நடப்பான்.

திக்குவாய்க்காரனைக் கேலி செய்கிறவர்கள் பரவாயில்லை என்பது என் கட்சி. கேலிக்காரனை முறைக்கலாம், மனதுக்குள் நாலு கெட்ட வார்த்தை சொல்லலாம். மனதுக்குள் பிச்சுமணிக்குத் திக்காது. இந்த உதவிக்காரர்களை என்ன செய்வது? நன்றியல்லவா சொல்ல வேண்டியிருக்கிறது.

இதில் இன்னொரு வினையும் உண்டு. சொல் வராமல் திணறும்போது பிச்சுமணியின் தலை கீழும் மேலுமாக ஆடும். தொண்டையில் சிக்கியதை உலுக்கி வெளியே தள்ளப் பார்க்கிற ஆட்டம் அது. பார்ப்பவர்கள் ஆமாம் என்று எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று சொல்ல அவன் எவ்வளவு பாடுபடுகிறானோ, அவ்வளவு பலமாக அவன் தலை ஆமாம் போடும். இந்தத் தலையை வைத்துக்கொண்டு அவன் ஏற்காத வேலை இல்லை, வாங்காத ஏச்சு இல்லை. கடைசியில் அது ஒரு செத்த மனிதனின் கதையையே மாற்றிவிட்டது.

அந்த மனிதன் பெயர் யூசுப். இருவருக்கும் ஒரே சுக்கு குடோனில் வேலை. பிச்சுமணி கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். யூசுப் மட்டாஞ்சேரியிலேயே பிறந்தவன், வீட்டில் தமிழ் பேசுகிற ராவுத்தர் குடும்பம். லாரியிலிருந்து மூட்டை இறக்குவது யூனியன்காரர்களின் உரிமை, அதில் வேறு ஆள் கை வைக்க முடியாது. உள்ளே வந்து விழுந்ததும் அவற்றைக் கூரை முட்ட அட்டி அட்டியாக அடுக்குவதும், பிரிப்பதும், காயப்போடுவதும் இவர்கள் பாடு. மூக்கெல்லாம் சுக்குத் தூசி. தும்மித் தும்மியே பாதி ஆயுசு போய்விடும்.

பிச்சுமணி பேச வந்தால் யூசுப் ஒரு காரியம் செய்வான். கையிலிருக்கும் இரும்புக் கொக்கியைக் கீழே வைப்பான். கைகளைக் கட்டிக்கொள்வான். பிச்சுமணியின் வாயைப் பார்க்காமல் தரையையோ, ஓட்டு இடுக்கில் உட்கார்ந்திருக்கும் புறாவையோ பார்த்துக்கொண்டு நிற்பான். மெதுவாகச் சொல்லு என்று சொல்ல மாட்டான். மெதுவாகச் சொல்லு என்பவனுக்குத்தான் அவசரம் ஜாஸ்தி என்பது பிச்சுமணிக்குத் தெரியும். முடியாமல் பிச்சுமணி கையால் ஜாடை காட்டப் போனால் மட்டும் யூசுப் தடுப்பான்.

"கை காட்டாதீங்க அண்ணே. வாயால சொல்லுங்க. சமயம் உண்டு."

நேரம் இருக்கிறது என்பதைத்தான் அவன் அப்படிச் சொல்வான். அந்தத் தமிழில் பாதி மலையாளம். ஆனால் பிச்சுமணி இந்த உலகத்தில் கேட்ட தமிழிலேயே நல்ல தமிழ் அதுதான். சில நாள் ஒரு விஷயம் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த லாரி வந்துவிடும். யூசுப் அசைய மாட்டான். முடிந்த பிறகுதான் பதில் சொல்வான், குனிந்து கொக்கியை எடுப்பான்.

யூசுப் பெரிய மகான் என்று நினைத்துவிட வேண்டாம். மற்றவர்களிடம் அவன் இப்படி இல்லை. சூப்பர்வைசர் விஸ்வநாத்தோடு ஏறுக்கு மாறாகப் பேசுவான், யூனியன் ஆபீஸில் போய் எல்லார் குரலுக்கும் மேலே கத்துவான், சாயாக்கடை வம்பில் அடுத்தவன் ஆரம்பிக்கும் முன்பே தீர்ப்பு சொல்லிவிடுவான். பிச்சுமணியிடம் மட்டும் ஏன் அந்தப் பொறுமை என்று யாருக்கும் தெரியாது. பிச்சுமணியும் கேட்டதில்லை. கிடைத்ததை ஏன் என்று கேட்டுக் கெடுத்துக்கொள்வானேன்?

இந்த வருஷம் ஆடி மழையும் காயல் ஏற்றமும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. குடோனுக்குள் முழங்காலுக்குத் தண்ணீர் ஏறி வடிந்தது. வடிந்த பிறகு கடைசி மூலை அட்டியின் அடிவரிசை மூட்டைகள் ஊறிப்போய்க் கிடந்தன. மேலே உள்ள பாரம் அவற்றை அமுக்க அமுக்க, அட்டி கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் சாய்ந்தது. ஒருநாள் காலையில் பிச்சுமணி அதைப் பார்த்தான். மேல் வரிசைக்கும் சுவருக்கும் நடுவில் முந்தின நாள் இல்லாத இடைவெளி.

நேரே விஸ்வநாத்திடம் போனான். வாயைத் திறந்தான். சொல் முட்டியது.

"எந்தா பிச்சு, லீவா?" என்றார் விஸ்வநாத். "ஓணம் கழியாம ஆருக்கும் லீவில்லா. போ, போய் வேலையைப் பாரு."

பிச்சுமணியின் தலை ஆடியது. லீவுதான் கேட்கிறான் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்துவிட்டார். அடுத்து பிச்சுமணி ரமேஷ்பாபுவிடம் போனான். அவன் கூட வேலை செய்கிறவன், நல்லவன், வாய்க்காரன். "தெரியும்ணே, உங்க வீட்டுக்காரம்மா அனுப்பின ஊறுகாய்தானே, டப்பாவை நாளைக்குக் கொண்டாந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு அவனும் போய்விட்டான். இனி ஒரே ஒரு ஆள்தான் பாக்கி. பிச்சுமணி யூசுப்பைத் தேடிக் கடைசி மூலைக்குப் போனான்.

அட்டி சரிந்தது அப்போதுதான்.

சத்தம் கேட்டு எல்லாரும் ஓடி வந்தார்கள். யூசுப் மூட்டைகளுக்கு அடியில். பிச்சுமணி ஒரு பக்கமாக, தோள் கிழிந்து, தூசியில் வெள்ளையாக விழுந்து கிடந்தான். மூட்டைகளை இழுத்துப் போட்டு யூசுப்பை வெளியே எடுத்தபோது அவனுக்கு மூச்சு ஓயவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஓய்ந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பிச்சுமணியைச் சுற்றிக் கூட்டம். ரமேஷ்பாபு அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "உங்களைத் தள்ளிவிட்டுட்டு அவன் மாட்டிக்கிட்டானாண்ணே? அப்படித்தானே?"

பிச்சுமணி இல்லை என்று சொல்லப் பார்த்தான். அவன் ஆயுசில் அவ்வளவு பாடுபட்டு ஒரு சொல்லை இழுத்ததில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. தலை கீழும் மேலும், கீழும் மேலும் ஆடியது.

"அல்லா!" என்று யாரோ விம்மினார்கள். அதோடு முடிந்தது. யூசுப் பிச்சுமணியைத் தள்ளிவிட்டு உயிரைக் கொடுத்தான் என்பது பிச்சுமணியின் தோளுக்கு மருந்துச் சீட்டு வருவதற்கு முன்பே மட்டாஞ்சேரி முழுக்கத் தெரிந்துவிட்டது.

யூசுப் அவனைத் தள்ளவில்லை. தொடக்கூட இல்லை. பிச்சுமணி சொல்ல நினைத்தது அதைத்தான். அதைச் சொல்லத்தான் அவன் அன்று முதல் ஒவ்வொரு வாசலாகப் போய் முட்டிக்கொண்டிருந்தான்.

போலீஸில் வாக்குமூலம் எடுத்தார்கள். எழுதுகிற போலீஸ்காரருக்கு மலையாளம். பிச்சுமணிக்குத் திக்கல். நடுவில் விஸ்வநாத். "ரமேஷ்பாபு சொன்னதுதானே நடந்தது?" என்று கேட்டார்கள், தலை ஆடியது, எழுதிக்கொண்டார்கள். முதலாளி குடோன் முகப்பில் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தார். யூசுப் சிரிக்கிற படம், கீழே 'உயிர் கொடுத்து உயிர் காத்தவன்' என்று மலையாளத்தில். நல்ல மனுஷன் என்று ஊர் முதலாளியைப் பாராட்டியது. நல்ல மனுஷன்தான், காரியக்காரரும்கூட. ஃப்ளெக்ஸ் ஏறிய பிறகு அட்டி ஏன் சரிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊறிய மூட்டைகள் ஒரே நாளில் குடோனை விட்டுப் போயின.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஏசுகிற வாய்க்கே மூடி இல்லையென்றால், வாழ்த்துகிற வாய்க்கு எங்கே போவது? பள்ளிவாசலிலிருந்து வருகிறவர்கள் பிச்சுமணியை நிறுத்தி அவன் தோளைத் தொட்டார்கள். "யூசுப் தந்த ஜீவனாணு இது, நல்லா ஜீவிக்கணும் கேட்டோ" என்றார்கள். கமலாக்ஷி சேச்சி காசு வாங்க மறுத்தது. பால் சாயாவுக்குத்தான்.

எல்லாவற்றையும்விடத் தாங்க முடியாதது யூசுப்பின் வீடு. யூசுப்பின் அம்மா ஜொஹரா பீவி வெள்ளிக்கிழமைதோறும் பிச்சுமணியைச் சாப்பிடக் கூப்பிட்டு அனுப்பும். வாசலறையில் உட்காரவைத்துத் தன் கையால் பரிமாறும். யூசுப்புக்குப் பிடித்த மீன் துண்டாகப் பார்த்து எடுத்து வைக்கும்.

"தின்னு மோனே. நீ தின்னா அவன் தின்ன மாதிரி. அவன் சும்மா போகலை. ஒரு உசுரை வச்சிட்டுப் போயிருக்கான்."

பிச்சுமணி சோற்றில் கையை வைத்துக்கொண்டு வாயைத் திறப்பான். அந்தம்மா அவன் கையைப் பிடித்துக்கொள்ளும். "அறியும்டா, உனக்கு அவனை மறக்க முடியாது. ஒண்ணும் சொல்ல வேணாம். தின்னு." மகன் போன துக்கத்தில் அந்தம்மாவுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு கிடைத்திருந்தது. அதை அறுக்க யாருக்கு மனசு வரும்? பிச்சுமணி மீனை விழுங்குவான். வெளியே வந்து சந்து முனையில் வாந்தி எடுப்பான்.

அந்த அறைக்கும் உள்ளறைக்கும் நடுவில் ஒரு திரை தொங்கியது. திரைக்குப் பின்னால் யூசுப்பின் மனைவி ரஹீனா 'இத்தா'வில் இருந்தாள். புருஷன் இறந்தபின் நாலு மாதமும் சொச்சமும் வீட்டைவிட்டு வெளியே வராமல், வேற்று ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கிற முறை அது. அவளைப் பிச்சுமணி பார்க்கவில்லை. பாத்திரச் சத்தமும் குழந்தைகளை அதட்டும் குரலும் மட்டும் கேட்கும். ஒரு வெள்ளிக்கிழமை அவன் திணறிக்கொண்டிருக்கும்போது, ஜொஹரா பீவி வழக்கம்போல முடித்து வைக்கும்போது, திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"மாமி, அண்ணன் எதோ சொல்ல வர்றாரு. சொல்லட்டும்."

"இனி என்ன சொல்ல இருக்கு? எல்லாம் ஊரறிஞ்ச காரியம்தானே" என்றது ஜொஹரா பீவி. "நீ போய் சோத்தைப் பாரு."

பாத்திரச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. ஆனால் பிச்சுமணி பிடித்துக்கொண்டான். கேட்க ஒரு ஆள் இருக்கிறது. யூசுப்புக்குப் பிறகு இந்த ஊரில் ஒரு காது.

வீட்டில் அவன் பெண்டாட்டி வீரலட்சுமி. யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு பழம்பொருள் கடையில் பித்தளைச் சாமான்களைத் துடைக்கிற வேலை அவளுக்கு. அவன் பேச்சை முடித்துவைப்பதில் அவளுக்கு ஒரு தேர்ச்சி உண்டு, பத்துக்கு எட்டு சரியாகவே இருக்கும். அன்று சாயங்காலம் அவளிடம் சொல்ல ஆரம்பித்தான். யூசுப்பின் பெயரை எப்படியோ சொல்லிவிட்டான். "தள்ளல" என்பதையும் சொல்லிவிட்டான். அவள் அரிசி களைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அடுத்த சொல் வருவதற்குள் ஈரக் கையாலேயே அவன் வாயைப் பொத்தினாள்.

"வேண்டாம். எங்கிட்டகூடச் சொல்லாத. எனக்குத் தெரிய வேண்டாம்." கையை எடுக்காமலே சொன்னாள். "அந்தக் கிழவி அதை நெனச்சுத்தான் சோறு திங்குது. அந்தப் புள்ளைக ரெண்டும் அதைச் சொல்லித்தான் பள்ளிக்கூடத்துல தலை நிமிந்து நிக்குதுக. நீ ஒரு வார்த்தை சொன்னா எல்லாம் போச்சு. நாமளும் இந்த ஊருல இருக்க முடியாது. சொல்லி என்ன, செத்தவன் எந்திரிச்சு வரப்போறானா?"

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் கொடுமை. தெரியாமல் குறுக்கே விழுகிறவர்களைப் பொறுத்துக்கொள்ளலாம். என்ன வரப்போகிறது என்று தெரிந்துகொண்டே, வராமல் தடுக்கக் குறுக்கே விழுகிறவர்களிடம் என்ன வாதாட முடியும்? பிச்சுமணி அன்று சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டான். அதையும் வாயால் சொல்லவில்லை, தட்டை நகர்த்தி வைத்தான்.

போனில் குரலைப் பதிந்து அனுப்பலாமே என்று அவனுக்கும் தோன்றியது. பச்சைப் பொத்தானை அமுக்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய் உட்கார்ந்தான். போன் குறுக்கே பேசாது, எவ்வளவு நேரமானாலும் கேட்கும். ஆனால் முகமில்லாத ஒன்றிடம் அவனுக்கு மூச்சு மட்டும்தான் வந்தது. திரும்பப் போட்டுக் கேட்டபோது யாரோ ஓடி இளைக்கிற மாதிரி இருந்தது. எழுதலாம் என்றால், பள்ளிக்கூடத்தை ஒண்ணாப்போடு விட்டவனுக்குக் கையெழுத்துக்கு மேல் எழுத்து கிடையாது.

இறந்தவனுக்காக ஓதுகிற நாற்பதாம் நாள் ஃபாத்திஹா வந்தது. அதற்கு முந்தின வாரம் ஜொஹரா பீவி அவனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னது. பாலக்காட்டிலிருந்து சொந்தக்காரர்கள் வருகிறார்கள். உஸ்தாத் வருகிறார், முதலாளியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஓதி முடிந்ததும் எல்லார் முன்னாலும் பிச்சுமணி நிற்க வேண்டும்.

"நீ ஒண்ணும் பேச வேணாம். எம்பக்கத்துல நின்னா மதி. நான் சொல்லிக்கறேன், நீ தலையை ஆட்டினாப் போதும்."

தலையை ஆட்டுவது அவனுக்கு எப்போதும் கைவந்ததுதானே. ஆனால் இதுவரை அவன் வாய் திணறி, தலை தானாக ஆடி, மற்றவர்கள் சொன்ன பொய். அன்றைக்கு அவன் போய் நின்றால் அது அவன் பொய். அதற்கு முன் ரஹீனாவிடம் சொல்லிவிட வேண்டும். அவளுக்குத் தெரிந்துவிட்டால் போதும், பிறகு ஊர் என்ன செய்தாலும் செய்யட்டும்.

ஃபாத்திஹாவுக்கு முந்தின நாள், பிற்பகல் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லும் நேரம் பார்த்துப் போனான். அந்த நேரம் ஜொஹரா பீவி உள்ளே தொழுகையில் நிற்கும். தொழுகையில் நிற்பவர் பேசமாட்டார். மனிதன் இவ்வளவு யோசித்து வந்தது அவன் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். வாசல்கதவு திறந்திருந்தது. படியேறாமல் வெளியிலேயே நின்று தொண்டையைச் செருமினான். உள்ளறையிலிருந்து ஜொஹரா பீவி ஓதுகிற முணுமுணுப்பு கேட்டது. திரை அசைந்தது.

"அண்ணனா?" என்றாள் ரஹீனா. "சொல்லுங்க. மாமி தொழுறாங்க."

அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவன் முட்டினான், திணறினான், தலை ஆடியது. திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தலையாட்டல் தெரியாது. அது ஒரு நல்லதாகப் போயிற்று. அவள் 'ம்' கூடப் போடவில்லை. தெருவில் ஸ்கூட்டர் ஒன்று போயிற்று, மீன்காரன் கூவிக்கொண்டு போனான். அவள் காத்திருந்தாள். அவன் சொன்னதைத் திக்கலோடு எழுதினால் உங்களுக்குப் பொறுமை இருக்காது, எனக்கும் இல்லை. அதனால் அவன் பேச்சிலிருந்து அவனை எடுத்துவிட்டுத் தருகிறேன். இதுவும் ஒருவகைக் குறுக்கீடுதான்.

"யூசுப்பு என்னைத் தள்ளல, தங்கச்சி. அட்டி சாயுதுன்னு காலையிலயே விஸ்வநாத்கிட்டச் சொல்லப் போனேன். கேக்கல. ரமேஷ்பாபுகிட்டப் போனேன். கேக்கல. யூசுப்பு அந்த அட்டிக்கு அடியிலதான் நின்னுக்கிட்டிருந்தான். நான் போய் வாயைத் தொறந்தேன். கொக்கியைக் கீழ வச்சான். கையைக் கட்டிக்கிட்டான். எப்பவும்போலத் தரையைப் பாத்துக்கிட்டு நின்னான். எனக்குச் சொல் வரல. அவனுக்குப் பின்னால அட்டி அசையறது எனக்குத் தெரியுது. வரல. கையைக் காட்டப் போனேன். 'சமயம் உண்டு அண்ணே'ன்னான். அவ்வளவுதான் சொன்னான். அவன் வேற ஆளா இருந்தா என்னை விட்டுட்டுப் போயிருப்பான். உசுரோட இருந்திருப்பான். நான் பேசறதைக் கேக்கத்தான் நின்னான். நான் அவனை இழுத்திருக்கலாம். தோணல எனக்கு. அவன் கேட்டுக்கிட்டு நிக்கிறானே, சொல்லி முடிச்சிரணும்னுதான் தோணுச்சு."

உள்ளே முணுமுணுப்பு நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவனுக்குத் தெரியவில்லை. பிறகு அது மறுபடி ஆரம்பித்தது, முன்னைவிட மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. சட்டையெல்லாம் நனைந்து போய் பிச்சுமணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாழ்க்கையில் ஒரு காரியத்தை ஆரம்பித்து முடித்தாயிற்று. நெஞ்சு லேசாகும் என்று நினைத்திருந்தான். ஆகவில்லை.

ரஹீனா பேசியபோது அவள் குரலில் அழுகை இல்லை.

"கேட்டுட்டு நின்னாரா?"

அவன் தலையை ஆட்டினான், திரைக்கு அந்தப் பக்கம் அது தெரியாது என்பதை மறந்து.

"எங்கிட்ட அவருக்கு ஒருநாளும் சமயம் இருந்ததில்லை, அண்ணே. கல்யாணம் கழிஞ்சு இத்தனை வருஷம். ஒரு காரியத்தை முழுசா சொல்லி முடிச்சதில்லை நான். பாதியிலேயே 'மனசிலாச்சு, மனசிலாச்சு'ன்னு எழும்பிப் போயிருவாரு. சண்டைகூட முழுசாப் போட்டதில்லை. நான் நெனச்சேன், அது அவரோட சுபாவம், ஆருகிட்டயும் அப்படித்தான்னு." திரையின் ஓரத்தை உள்ளிருந்து ஒரு கை பற்றியது. விரல் நுனிகள் மட்டும் தெரிந்தன. "அன்னைக்குக் காலம்பறயும் அப்படித்தான். சட்டை மாட்டிட்டு நிக்கிறாரு. ஒரு காரியம் உண்டு, நில்லுங்கன்னு சொன்னேன். வந்து கேக்கறேன்னு படியிறங்கிட்டாரு. கேட்டுட்டுப் போங்கன்னு பின்னாடியே வாசல்வரைக்கும் வந்தேன். நான் அவருகிட்ட என்ன சொல்ல வந்தேன்னா..."

"மன்னிச்சிருங்க தங்கச்சி, என்னை மன்னிச்சிருங்க!"

பிச்சுமணிதான். ஒரு எழுத்து திக்கவில்லை. தொண்டையில் தடையே இல்லாதவன் மாதிரி, தெருமுனைவரை கேட்கும்படி, முழு வாக்கியமாக வெளியே வந்துவிட்டது. அவளுடைய குரலைக் கேட்கக் கேட்க அவனுக்குத் தாங்கவில்லை, அவ்வளவுதான். ஆயுசில் முதல் தடவையாக அவன் இன்னொருவர் பேச்சில் குறுக்கே விழுந்தான்.

ரஹீனாவின் விரல்கள் திரையை விட்டன.

"சரி அண்ணே" என்றாள். அடுத்தவர் குறுக்கிட்டதும் நிறுத்திவிடுவது அவளுக்குப் பழகிய காரியம். நொடிகூடத் தயங்கவில்லை.

அப்போதுதான் பிச்சுமணிக்குத் தான் செய்தது உறைத்தது. அவள் என்ன சொல்ல வந்தாள்? யூசுப்பிடம் சொல்ல முடியாமல் போனதை, இத்தனை நாள் திரைக்குப் பின்னால் வைத்துக்கொண்டிருந்ததை, இப்போது அல்லவா சொல்ல வந்தாள்? அவன் சுவரிலிருந்து கையை எடுத்தான். கைகளைக் கட்டிக்கொண்டான். யூசுப் நிற்பதுபோலவே தலையைக் குனிந்து, படியைப் பார்த்துக்கொண்டு நின்றான். சொல்லுங்க தங்கச்சி, எனக்குச் சமயம் உண்டு என்று சொல்ல நினைத்தான். சின்ன வாக்கியம்தான். முதல் எழுத்திலேயே முட்டிக்கொண்டது. தலை கீழும் மேலும் ஆடியது.

உள்ளே ஜொஹரா பீவி தொழுகையை முடித்து எழுந்து வரும் சத்தம். திரையை விலக்கிக்கொண்டு அந்தம்மா வாசலுக்கு வந்தது. கண் சிவந்திருந்தது. வெள்ளைத் தொழுகைத் துணி தலையில் அப்படியே இருந்தது. கேட்காதிருக்க வழியே இல்லை, அத்தனையும் கேட்டிருக்கும். பிச்சுமணியின் முகத்தை அந்தம்மா ரொம்ப நேரம் பார்த்தது. அவன் தலை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"ஆங், அறியும்" என்றது ஜொஹரா பீவி. "நாளைக்குக் காலத்தே வந்துரு. வந்து எம்பக்கத்துல நில்லு. சொல்ல வேண்டியதை நான் சொல்லிக்கறேன்."

அந்தம்மா கதவைச் சாத்தியது. தாழ் விழுந்தது.

பிச்சுமணி கட்டிய கையைப் பிரிக்காமல் வெளியே நின்றான். உள்ளே ரஹீனாவின் குரல் தாழ்வாக ஏதோ சொல்லத் தொடங்கியது. ஜொஹரா பீவியின் குரல் வந்து அதை முடித்து வைத்தது.